குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இப்பேரவைக்கு வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராத பெரும்பான்மையினருக்கு இவ்வறிக்கையின் நகல் வழக்கம்போல் கதவிடுக்கில் செருகப்படும்.

செயற்குழு விதிப்படி கூடியது. மாடிப்படி விளக்குகள் அனைத்தும் எல்.இ.டி.க்கு மாற்றப்பட்டன. ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று மரக்கன்றுகள் நடப்பட்டன; அன்று படம் எடுத்துக்கொள்ள வந்தவர்களில் பலரைக் கோடையில் தண்ணீர் ஊற்றும் வேளையில் காண இயலவில்லை. பொதுக் குழாயின் ஒழுகல் அடுத்தடுத்த கூட்டங்களில் விவாதிக்கப்பட்டு, இறுதியில் ஒரு வாஷரை மாற்றியதும் நின்றது. ஒரு சொட்டைக் கால் மில்லி லிட்டர் என்று கொண்டால், நொடிக்கு ஒரு சொட்டு வீதம் நாளொன்றுக்கு 21 லிட்டருக்கு மேல் வீணாகும் என்பதைப் பதிவு செய்கிறேன்.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, வளாகத்தின் பின்புறம் அமைக்கப்பட்ட உரத்தொட்டி ஆகும். நாற்றம் எடுக்கும், எலி வரும் என்று எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்த உறுப்பினர்களுக்கு இவ்விடத்தில் விளக்கமளிப்பது என் கடமை. சமையலறைக் கழிவு மற்றக் குப்பையோடு கலந்து குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் புதையும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அது அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடாக்கக் கூடியது. அதே கழிவு காற்றோட்டமுள்ள தொட்டியில் மட்கினால் நமக்கு உரம் மிஞ்சுகிறது. நாற்றம் எழுவது ஈரம் மிகுந்து காற்றுக் குறையும்போதுதான்; ஒரு கூடைக் கழிவுக்கு இரண்டு கூடை சருகு என்ற அளவில் மாற்றி மாற்றிப் பரப்பி, வாரந்தோறும் கிளறிவிட்டால் அதற்கு இடமில்லை. ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு துளிகள் மட்டும் கசிய வேண்டும்; அதற்கு மேல் வடிந்தால் சருகு போதவில்லை என்று பொருள். நுண்ணுயிர்களின் வேலையால் குவியலின் நடுப்பகுதி 50 பாகை செல்சியசையும் தாண்டிச் சூடேறுகிறது. குளிர்ந்த காலை நேரத்தில் கிளறும்போது அதிலிருந்து ஆவி எழுவதை ஆட்சேபித்தவர்கள் ஒருமுறையேனும் நேரில் வந்து காணலாம். எலி இதுவரை தென்படவில்லை.

தொட்டி தன் வேலையைச் செய்கிறது. ஈரக் கழிவுக்கென வீடுதோறும் வழங்கிய பச்சைக் கூடை ஒரு வீட்டில் குடை வைக்கவும், மற்றொரு வீட்டில் குழந்தையின் விளையாட்டுப் பொருள்களைப் போடவும் பயன்படுவதைச் சந்தா கேட்கச் சென்றபோது கண்டேன். ஈரக் கழிவில் தீர்ந்துபோன பேட்டரி, சவர பிளேடு, மாத்திரை அட்டை ஆகியன வருகின்றன. உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றித் தனியே வைக்குமாறு சுற்றறிக்கை அனுப்பிய பிறகும், தூய்மைப் பணியாளரின் விரலை அது கிழித்தது. பாக்கெட்டுகளின் மூலையை முழுவதும் வெட்டி எறியாமல் பாக்கெட்டோடு ஒட்டியிருக்குமாறு வெட்டுவது பெரிய தியாகமன்று. நகக்கண் அளவுள்ள அத்துணுக்குகளைப் பொறுக்குவாரும் இல்லை, மறுசுழற்சிக்கு எடுப்பாரும் இல்லை, உரத்தைச் சலிக்கும்போதுதான் அவை மீண்டும் தலைகாட்டுகின்றன. எந்த வீட்டிலிருந்து எது வருகிறது என்ற குறிப்பு என்னிடம் உள்ளது. அதை இப்பேரவையில் வாசிக்கும் எண்ணம் தற்போது எனக்கு இல்லை.

பூந்தொட்டித் தட்டுகளை வாரம் ஒருமுறை கவிழ்த்து, தேய்த்துக் கழுவுமாறு மீண்டும் கேட்டுக்கொள்ளப்படுகிறது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

வரவு செலவைப் பொறுத்தவரை, இரண்டும் ஏறத்தாழச் சரியாக நின்றன. விவரம் பொருளாளரிடம் உள்ளது, கேட்போருக்குக் காட்டப்படும். நிலுவைச் சந்தா வந்திருந்தால் ‘ஏறத்தாழ’ என்று எழுத நேர்ந்திராது. தம் வீட்டில் குப்பையே சேர்வதில்லை என்ற காரணத்தால் சந்தா செலுத்த மறுக்கும் உறுப்பினர், காரைக் குழாய்த் தண்ணீரில் கழுவுவதை விடுத்து ஒரு வாளியோடு நிறுத்திக்கொண்டாலே ஒரு பகுதி கழிந்ததாகக் கொள்ளச் செயலாளர் ஆயத்தமாக இருக்கிறேன். பொருளாளர் இதற்கு உடன்படவில்லை.

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், காவலாளிகள், தூய்மைப் பணியாளர்கள், சருகு சேர்த்துத் தந்த சிறுவர்கள் ஆகிய அனைவருக்கும் நன்றி. சிறுவர்கள் கேட்காமலே செய்தார்கள் என்பதைத் தனியே குறிப்பிடுகிறேன்.

அடுத்த ஆண்டைப் பற்றி ஒளிவின்றிச் சொல்ல வேண்டியுள்ளது. தொட்டி நிறைந்துவிட்டது. நிறைந்த தொட்டி நன்கு மட்கி உரமாக ஓரிரு மாதங்களேனும் தேவை. அதுவரை புதுக் கழிவைச் சேர்க்கக் கூடாது. இரண்டாவது தொட்டி இல்லையேல், பிரித்துத் தரும் வீடுகளின் கழிவும் பிரிக்காத வீடுகளின் கழிவோடு சேர்ந்து ஒரே வண்டியில்தான் போகும். அத்தொட்டிக்கான தொகை, நிலுவையில் உள்ள சந்தாவைவிடக் குறைவு என்பது தற்செயலே. என் உடல்நிலையை முன்னிட்டு இப்பொறுப்பிலிருந்து விடுபட விரும்புகிறேன். கிளறும் கம்பியையும் கிடங்குச் சாவியையும் பெற்றுக்கொள்ள எவரேனும் இன்றே கை உயர்த்தினால் மகிழ்வுடன் ஒப்படைப்பேன். எவரும் உயர்த்தாவிடில், கடந்த ஆண்டைப் போலவே பேரவையின் கட்டளைக்குக் கீழ்ப்படிவேன். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாயிலருகே அமர்ந்திருப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்