தோற்ற அணி இறங்கத்தான் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய ஐஸ் ஹாக்கி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஸ்வீடனின் உச்ச லீக்கான எஸ்.எச்.எல்.லில் தோற்ற அணியைக் கீழ்ப்பிரிவுக்கு இறக்குவது கொடுமை, வட அமெரிக்க என்.எச்.எல். போல எல்லா அணிகளுக்கும் நிரந்தர இடம் தரலாம் என்று கட்டுரையாளர் சொல்கிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

என்.எச்.எல்.லில் 32 அணிகள். எவ்வளவு மட்டமாக ஆடினாலும் இடம் பறிபோகாது. போதாக்குறைக்கு, கடைசியில் நிற்கும் அணிக்குத்தான் சிறந்த இளம் வீரரை முதலில் எடுக்கும் வாய்ப்பு அதிகம். சீசன் பாதி தாண்டியதும், தோற்றால் நல்லது என்று சொந்த ரசிகர்களே கணக்குப் போடுகிறார்கள். இது ஒரு விளையாட்டா? ஸ்வீடனில் 14 அணிகளும் ஆளுக்கு 52 ஆட்டம் ஆடி முடித்த பிறகு, கடைசி இரண்டு அணிகள் தங்களுக்குள் ஒரு தொடர் ஆட வேண்டும். தோற்றவர் கீழே. இறுதிப் போட்டியைவிட இதைப் பார்க்கத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

பெரிய பெயருக்கும் சலுகை கிடையாது. 16 முறை சாம்பியனான ஸ்டாக்ஹோமின் யூர்கோர்டன் 2022-இல் இறங்கியது. திரும்பி வர 2025 ஆனது. 1960 முதல் உச்ச லீக்கை விட்டு நகராத யெவ்லே நகரின் ப்ரீனேஸ் 2023-இல் இறங்கியது. அடுத்த ஆண்டே மேலே வந்து, 2025-இல் இறுதிப் போட்டி வரை போனது. கோப்பை என்னவோ வடகோடி லூலியோவுக்குத்தான், அதுவும் 1996-க்குப் பிறகு முதல் முறையாக. இறங்காமலே இருந்திருந்தால் ப்ரீனேஸ் இவ்வளவு விழித்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

கட்டுரை தொடாத விஷயம் ஒன்று உண்டு. ஸ்வீடனில் கிளப்பின் பெரும்பான்மை வாக்கு உறுப்பினர்களிடம்தான் இருக்க வேண்டும். பணக்காரர் ஒருவர் வந்து மொத்தமாக வாங்கிவிட முடியாது. நிரந்தர இடம் என்று வந்துவிட்டால் அந்த இடத்துக்கு ஒரு விலை வந்துவிடும். அப்புறம் வாங்க ஆள் வருவார்கள், உறுப்பினர் விதியைத் தளர்த்தச் சொல்வார்கள். அரிசோனாவில் ஆடிக்கொண்டிருந்த என்.எச்.எல். அணியின் வீரர்கள் 2024-இல் கூண்டோடு யூட்டாவுக்குப் போனார்கள். உள்ளூர் ரசிகர்களால் என்ன செய்ய முடிந்தது?

இறங்கும் ஊருக்கு வலி உண்டு, மறுக்கவில்லை. பீட்டர் ஃபோர்ஸ்பெர்க், செடின் இரட்டையர், விக்டர் ஹெட்மன் என்று வரிசையாக வீரர்களைத் தந்த சின்ன ஊர் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக். அதன் மோடோ அணி 2025-இல் இறங்கியது. டிவி வருமானம் சுருங்கும், நல்ல வீரர்கள் கிளம்புவார்கள். சரி, அதற்கு இரண்டாம் பிரிவுக்குக் கூடுதல் பங்கு கொடுக்கலாமே. கதவைச் சாத்தினால் மோடோவுக்குத் திரும்பும் வழியும் சேர்ந்தே அடைபடும்.

அந்த இரண்டாம் பிரிவு பற்றியும் ஒரு கட்டுரை வெளியிட்டால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உப்சாலா, ஸ்வீடன்