தண்ணியில்லாக் காட்டிலிருந்து ஒரு கடிதம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாலைவனங்களும் சமயங்களும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சீனாய் மலையைப் பற்றியும் எகிப்தின் வனத்து அந்தோணியாரைப் பற்றியும் நன்றாகவே எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். ஆனால் பாலைவனத்தின் பொருளே வெறுமைதான் என்பதும், தமிழருக்கு அந்த அனுபவமே கிடையாது என்பதும் எனக்கு ஒப்பவில்லை. ராமநாதபுரத்துக்காரனிடமா இதைச் சொல்வது? ஊழியர் தப்பு செய்தால் 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்று மிரட்டுவார்களே, அந்தக் காட்டிலிருந்துதான் எழுதுகிறேன். (நியாயத்துக்குச் சொல்கிறேன், எங்களுக்கும் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை உண்டு. ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும், அவ்வளவுதான்.)

கட்டுரையில் விட்டுப்போன கதை ஒன்று திருப்புல்லாணியில் இருக்கிறது. ராமர் தர்ப்பைப் புல்லில் படுத்துக் கடலரசனிடம் வழி கேட்ட தலம் அது. கோயிலில் அந்தச் சயனக் கோலத்தை இன்றும் சேவிக்கலாம். மூன்று நாள் காத்தும் கடலரசன் வரவில்லை, ராமர் வில்லை எடுத்தார். இதுவரை எல்லோருக்கும் தெரியும். சரி, நாணில் ஏற்றிய அம்பு என்ன ஆயிற்று? ஏற்றியதை இறக்க முடியாதே. கடலரசனே வடக்கே ஓரிடத்தைக் கைகாட்ட, அம்பு அங்கே விழுந்து நீர்நிலைகள் வற்றி, அந்த நிலம் மருகாந்தாரம் என்ற பாலைவனம் ஆனது என்கிறார் வால்மீகி. கம்பரும் மருகாந்தாரத்தைச் சொல்கிறார். அவர் கணக்கில் அது அவுணர், அதாவது அசுரர், வாழ்ந்த தீவு. ராஜஸ்தானத்துத் தார் பாலைவனம்தான் அது என்று நம்புகிறவர்களும் உண்டு. ஒரு பாலைவனம் பிறந்த கதையே எங்கள் கரையில்தான் தொடங்குகிறது.

கதை அதோடு நிற்கவில்லை. அம்பு குத்திய இடத்தில் பாதாளத்திலிருந்து தண்ணீர் பீறிட்டுக் கிணறாகிறது. அதன் பெயர் விரணம். நாம் ரணம் என்கிறோமே, அதே சொல். சுற்றிலும் வற்றிய மண்ணில் அந்தப் புண்ணில் மட்டும் தண்ணீர்! அப்புறம் ராமரே, ஆடுமாடு பெருகட்டும், நெய்யும் பாலும் மூலிகையும் மிகுந்திருக்கட்டும் என்று அந்த நிலத்துக்கு வரம் தருகிறார். இதில் வெறுமை எங்கே இருக்கிறது?

சொல்லையே பாருங்கள். காந்தாரம் என்றால் காடு. பாலைவனம், விவிலியத்தின் வனாந்தரம், கட்டுரையாளரே எழுதிய வனத்து அந்தோணியார், எங்கள் தண்ணியில்லாக் காடு, எல்லாமே காடுதான். தொல்காப்பியர் பாலைக்கென்று தெய்வம் சொல்லவில்லை. கொற்றவையை அங்கே வைத்தது பின்னால் வந்தவர்கள். மணலை அவர் நெய்தலுக்குத்தான் கொடுத்தார், 'வருணன் மேய பெருமணல் உலகம்' என்று.

அந்தப் பெருமணலில்தான் எங்கள் பிழைப்பும் பக்தியும். ராமேசுவரத்து மூலவரே சீதை மணலில் பிடித்த லிங்கம் என்பது ஐதீகம். ஓரியூரில் 1693-இல் அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ பாதிரியார் வெட்டுண்ட இடத்துச் செம்மணலை வருகிறவர்கள் பொட்டலம் கட்டி எடுத்துப்போகிறார்கள். கீழக்கரையில் ஹஜ் முடித்துத் திரும்பிய வீட்டுக்குப் போனால் பேரீச்சம்பழத்தோடு மக்காவின் புனித ஊற்றான ஜம்ஜம் தண்ணீர் ஒரு வாய் கிடைக்கும். பிள்ளையின் தாகத்துக்காக ஹாஜரா அம்மையார் சஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே ஏழு முறை ஓடியதைத்தான் ஹாஜிகள் தொங்கோட்டம் ஓடுகிறார்கள். அரேபியப் பாலைவனம் என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நாக்கில் வருவது அந்தத் தண்ணீரின் ருசி.

போன மாசியில் பேத்தியோடு தனுஷ்கோடி போயிருந்தேன். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு, வாழத் தகுதியற்றது என்று அரசு ஒதுக்கிய ஊர். இடிந்த தேவாலயத்தின் பின்னால் ஒரு அம்மாள் மணலில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டிய குழியருகே குந்தியிருந்தார். சிரட்டையால் முதலில் கலங்கலை இறைத்துக் கொட்டினார். பிறகு சும்மா இருந்தார். ஓரங்களிலிருந்து நீர் கசிந்து சேர்ந்து, அடிமணல் தெரிகிற அளவுக்குத் தெளிந்தது. அதன்பிறகுதான் மணல் அலம்பாமல் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றினார். இந்தப் பக்கமும் கடல், அந்தப் பக்கமும் கடல். பேத்தி வாங்கிக் குடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். உப்பே இல்லை.

"இன்னும் ஆழமாத் தோண்டலாமே பாட்டி?" என்று கேட்டாள்.

"தோண்டினா உப்பு ஏறிரும் தாயி. மேல நிக்கிறது மழைத் தண்ணி" என்றார்.

கட்டுரையோடு தாங்கள் வெளியிட்ட படத்தில் இருப்பது அதே தேவாலயம். கீழே 'ஆளரவமற்ற மணல்வெளி' என்று போட்டிருக்கிறீர்கள். அந்த அம்மாளின் குடிசை அந்தச் சுவருக்குப் பின்னால்தான். அவர் குடத்தோடு போய்வரும் ஒற்றையடித் தடம் படத்தின் ஓரத்தில் தெரிகிறது.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
கீழக்கரை.