பெரிய பிரேக் போட்டால் கார் சீக்கிரம் நிற்குமா?

அன்பு மகளுக்கு,

முன் சக்கரங்களுக்குப் பெரிய டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுழலும் தட்டு) நாலு பிஸ்டன் காலிப்பரும் (பேட் என்ற உராய்வுக் கட்டையை அந்தத் தட்டின்மேல் அழுத்தும் கவ்வி) போடப்போவதாக எழுதியிருந்தாய். பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடும்மா.

பிரேக் நிறுத்துவது சக்கரத்தை. ரோட்டைப் பிடித்து வண்டியை நிறுத்துவது டயர். காய்ந்த, நேரான, ஆள் நடமாட்டமில்லாத இடமாகப் பார்த்து 50 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்துப் பார். பெடல் காலுக்கடியில் தடதடவென்று அதிர்ந்தால் ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்கிறது, டயர் தாங்குவதைவிட அதிக பலம் இப்போதுள்ள பிரேக்கிலேயே இருக்கிறது. இதற்குமேல் எத்தனை பிஸ்டன் சேர்த்தாலும் அந்த ஒரு மிதிக்கு நிற்கும் தூரம் குறையாது.

அப்படியானால் பெரிய டிஸ்க் எதற்கு? சூட்டுக்கு. 1,500 கிலோ எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 580 கிலோஜூல் ஆற்றலில் பெரும்பகுதி பிரேக்கில் சூடாக இறங்குகிறது. வேகம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. ஒரு தடவை மிதிப்பதை எந்த நல்ல டிஸ்க்கும் தாங்கும். நீண்ட மலை இறக்கத்தில் பாரத்தோடு திரும்பத் திரும்ப மிதிக்கும்போதுதான் சிக்கல். பேட் சூடேறிப் பிடி விட்டால் பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். இந்த வித்தியாசத்தை மனதில் வை. இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்கினால் இரண்டையுமே பெரும்பாலும் தவிர்க்கலாம்.

நீ சொன்ன மாற்றத்தில் எனக்குப் பெரிய கவலை, முன்பின் சமநிலை. முன்னால் மட்டும் பலம் கூடினால் முன் டயர்கள் சீக்கிரமே எல்லையைத் தொட்டுவிடும். பின் டயர்கள் தங்கள் பங்கைச் செய்யாது. நிற்கும் தூரம் கூடவும் செய்யலாம். காலிப்பர் பிஸ்டன்களின் மொத்தப் பரப்பு பழையதைவிடக் கூடி, பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பழையதாகவே இருந்தால் பெடல் ஆழமாக இறங்கும். பின்னால் மட்டும் பலத்தைக் கூட்டுவது இதைவிட மோசம்: பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். பந்தயப் பேடும் வேண்டாம். அது சூடேறினால்தான் கடிக்கும். காலையில் முதல் சிக்னலில் உனக்குத் தேவைப்படும்போது கைவிடும். ஸ்டீல் பின்னல் ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் குழாய்) பெடலைக் கெட்டியாக்கும், அவ்வளவுதான்.

அந்தப் பணத்தில் முதலில் நல்ல டயர் நான்கு வாங்கு. டயரின் பள்ளம் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீழே போனால் ஈர ரோட்டில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். அடுத்து பிரேக் ஆயில். அது ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரியில் கொதிக்க வேண்டும்; ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிதான். இரண்டு வருடத்துக்கொரு முறை முழுதாக மாற்றி ஏர் எடுக்கச் சொல். டாட் 5 சிலிக்கான் வகை, அதைக் கலக்கவே கூடாது.

காலிப்பர் நகர்ந்துகொடுக்க உதவும் ஸ்லைடு பின்களைக் கழற்றிப் பார்க்கச் சொல். உள்பேடும் வெளிப்பேடும் ஒரே அளவில் தேயவில்லையென்றால் அந்த ஸ்லைடு பின் இறுகியிருக்கலாம். துடைத்து, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவ வேண்டும். டிஸ்க்கின் குறைந்தபட்ச கனம் பெரும்பாலும் அதன்மேலேயே பொறித்திருக்கும், அளந்து பார்க்கச் சொல். பேடின் கனம் 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிடு.

புதுப் பேட் போட்டதும் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, எட்டுப் பத்துத் தடவை நிதானமான அழுத்தத்தில் குறை. இடையில் முழுதாக நிறுத்தாதே. சூடான டிஸ்க்கில் பேட் ஒரே இடத்தில் ஒட்டினால் பிறகு ஸ்டீயரிங் உதறும். முடிந்ததும் பிரேக் மிதிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடு. இதற்கெல்லாம் முன், பேட் மாற்றிய வண்டியை நகர்த்துமுன், பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதித்துக்கொள். பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளியிருப்பார்கள்; முதல் மிதி தரைவரை போய்விடும், வண்டி நிற்காது.

அன்புடன்,
அப்பா