பந்தலுக்குள் ஒரு நாற்காலி

சேலத்தில் சுதந்திர தின அணிவகுப்புக்குத் தேசிய மாணவர் படையைத் (என்.சி.சி.) தயார் செய்யும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஒத்திகை அன்று மைதானத்தில் என்ன நடந்தது என்பதை நீங்களே பார்த்தீர்கள், அதனால் முழுக்கதையும் சொல்லப் போவதில்லை. மயங்கி விழுந்த நான்கு பிள்ளைகளில் ஒருத்தி என் பேத்தி. அவளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். எங்கள் ஊர் ஏற்காட்டுக்கும் மேலே, காபித் தோட்டத்தை ஒட்டி. அன்று விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து, பனி இறங்குகிற திண்ணையில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டாள். முதல் பஸ். 20 கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் குமட்டும் என்று வெறும் வயிற்றோடுதான் ஏறுவாள். அடிவாரத்தில் இரண்டு இட்லி சாப்பிடும்மா என்றேன். "லேட்டாயிடும் தாத்தா."

ஏழு மணிக்கு வரிசையில் நின்றவள் பத்தேகால் வரை நின்றாள். பார்வையிட வரவேண்டியவர் வரவே இல்லை. அவருக்குப் பதிலாக, மரியாதை ஏற்கும் சலாமி மேடையில் ஒரு நாற்காலி, அதன் முதுகில் வெள்ளைத் துண்டு. நாற்காலிக்கு வெயில் படாமல் பந்தல் போட்டிருந்தீர்கள்.

வேலிக்கு வெளியே புங்கமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் தலை லேசாக ஆடியது. பிறகு அப்படியே மரம் சாய்வது போல முன்னால் சாய்ந்தாள். தரையைத் தொடும் வரை கை தொடையை விட்டுப் பிரியவில்லை. மோவாயில் மூன்று தையல். தூக்கி உட்கார வைத்த பயிற்சியாளர் சொன்னது: "சாப்பிடாம வந்தா இப்படித்தான். ஸ்டாமினா கிடையாது."

ஐயா, நான் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். ரெக்ரூட் பையன்களுக்கு டிரில் சொல்லித் தந்த உஸ்தாத். அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தேங்கும். கெண்டைக்கால் சதை வேலை செய்தால்தான் அது மேலே ஏறும். மூளைக்குப் போகிற ரத்தம் குறைந்தால் எப்பேர்ப்பட்ட ஜவானும் விழுவான். முழங்காலை இறுக்கிப் பூட்டாதே, பூட்ஸுக்குள் கால்விரலை அசைத்துக்கொண்டே இரு என்று முதல் வாரமே சொல்லிவிடுவோம். பேத்தியிடம் கேட்டேன். அதை யாரும் சொல்லவில்லையாம். காலை இன்னும் ஓங்கி மிதி என்று மட்டும் தினமும் சொன்னார்களாம்.

டிரிலுக்கு அளவு இருக்கிறது. சாவ்தானில், அதாவது விறைப்பாக அசையாமல் நிற்கும்போது, குதிகால் சேர்ந்து பாதம் 30 டிகிரி. விஷ்ராமில், அதாவது காலை அகட்டி நிற்கும்போது, இரண்டு காலுக்கும் நடுவே 12 அங்குலம். நடையில் எட்டுக்கு 30 அங்குலம். இதில் அரை அங்குலம் தவறினாலும் உங்கள் கண்ணுக்குப் படுகிறது, சந்தோஷம். அதே டிரிலில் உடம்பைத் தளர்த்திக்கொள்ளச் சொல்லும் 'ஆராம் ஸே' என்று ஒரு கட்டளை இருக்கிறதே, அது மட்டும் ஏன் யார் வாயிலும் வருவதில்லை?

நான் கேட்பது ஒன்றுதான். வரவேண்டியவரின் கார் மைதான வாசலுக்கு வந்த பிறகு பிள்ளைகளைச் சாவ்தானுக்குக் கொண்டுவாருங்கள். அதுவரை நிழலில் உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள்.

கட்டளைகள் இந்தியில் இருப்பதை எதிர்த்து 1968-லேயே நம் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டாயிற்று. அந்தப் பழைய வழக்கை நான் கிளறவில்லை. சாவ்தான் என்றால் 'எச்சரிக்கை' என்று பேத்திக்கு நான்தான் அர்த்தம் சொன்னேன். "யாரை எச்சரிக்கறாங்க தாத்தா?" என்றாள். மாணவர் படையின் முழக்கம் ஒற்றுமையும் ஒழுக்கமும். நான்கு மணிக்கு எழுந்து வருவது ஒழுக்கம் என்றால், சொன்ன நேரத்துக்கு வருவது எதில் சேரும்? மேடைக்கு மேடை வந்து ஒழுக்கத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசுகிறவர்களைத்தான் கேட்க வேண்டும். மாணவர் படையில் சேர்ந்தவர்கள் கட்டாயம் ராணுவத்துக்குப் போக வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லவில்லை. அவர்கள் சிப்பாய்கள் இல்லை ஐயா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.

பேச்சு எங்கோ போய்விட்டது, மன்னிக்கவும். உங்களுக்கும் மேலிடத்து நெருக்கடி இருக்கும், தெரியும். யாரையும் தண்டிக்கச் சொல்லி இதை எழுதவில்லை.

தையல் பிரித்தாகிவிட்டது. ஜனவரி 26-க்கும் பெயர் கொடுத்திருக்கிறாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஆகவே மறுபடியும் பணிவுடன் கேட்கிறேன்: கார் வந்த பிறகு சாவ்தான், அதுவரை நிழல். பந்தல் ஒன்றுதான் இருக்கிறது என்றால், நாற்காலியைக் கொஞ்ச நேரம் வெளியே எடுத்துப் போடலாம். அதற்கு மயக்கம் வராது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்,
சேர்வராயன் மலை.