நாவலுக்கு நவம்பர் 30 கெடு வைத்தவர்களுக்கு

நூல் வெளியீட்டு உதவித் திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும் தேர்வுக் குழுப் பெரியோர்களுக்கும்,

வணக்கம். பட்டியலில் இருந்து என் பெயர் நீக்கப்பட்டதாக நீங்கள் அனுப்பிய ஒற்றை வரிக் கடிதம் கிடைத்தது. காரணம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தத் திருகோணமலை மாவட்டத்தில் கதை எழுதிக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இந்த மடலை ஒட்டாமல் விடுகிறேன்.

கேட்பதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். ஒரு நாவலைத் தெரிவு செய்தால், தெரிவான நாளில் இருந்து அதைத் திருத்தி அச்சுக்குக் கொடுக்க ஒரு முழு வருடம் தாருங்கள். தொகையைக் கூட்டச் சொல்லவில்லை. விருதும் கேட்கவில்லை.

ஜனவரி கடைசியில் பிரதிகளை ஒப்படைத்தோம். தெரிவாகியிருக்கிறது என்ற கடிதம் செப்டெம்பர் கடைசியில் வந்தது. அச்சிட்ட நூல்களும் அச்சகத்தின் பற்றுச்சீட்டும் நவம்பர் 30க்குள் உங்கள் மேசைக்கு வரவேண்டுமாம், இல்லாவிட்டால் காசு திறைசேரிக்குத் திரும்பிவிடுமாம். அதாவது படிக்க உங்களுக்கு எட்டு மாதம், திருத்தி, பக்கம் அமைத்து, புரூஃப் பார்த்து, அச்சடித்து, கட்டி எடுத்துவர எங்களுக்கு இரண்டு மாதம். அவகாசம் கேட்டுத் தொலைபேசியில் பேசினேன். மறுமுனையில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் சொன்னார்: "முடிச்ச கதைதானே டீச்சர், அப்படியே குடுங்கோவன். எழுத்துப்பிழை பாக்க ரெண்டு கிழமை காணாதா?"

அவரில் எனக்குக் கோபம் இல்லை. விண்ணப்பப் படிவமும் அதையேதான் சொல்கிறது. கையெழுத்துப் பிரதி என்றால் முடிந்த கதை, அதற்குப் பிறகு மிச்சம் இருப்பது எழுத்துப்பிழை. இந்த எண்ணம்தான் என்னை வருத்துகிறது. அதனால் அந்த மிச்ச வேலை என்னவென்று ஒரு அத்தியாயத்தை வைத்துச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

என் நாவல் கிண்ணியாவில் பாலம் வருவதற்கு முந்திய காலத்தில் நடப்பது. பாலம் திறந்தது 2009இல். 396 மீற்றர் நீளம், இப்போது மோட்டார் சைக்கிளில் போகிறவர் ஒரு பாட்டு முடிவதற்குள் கடந்துவிடுவார். அதற்கு முன், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைதான். ஆட்களும் சைக்கிளும் லொறியும் ஒன்றாக ஏறி நின்று போன அந்தப் பாதையைப் பார்க்காத பிள்ளைகள் இன்று என் வகுப்பில் இருக்கிறார்கள். நாவலின் நடுவில் ஒரு அத்தியாயம். பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணைத் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். பாதை நீரில் போவதைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். நிலவு, இரும்புக் கம்பியில் ஈரம், இயந்திரச் சத்தம், எல்லாம் இருந்தது. உங்கள் குழுவுக்கும் அது பிடித்திருக்கக்கூடும்.

பிரதியை உங்களிடம் கொடுத்துவிட்டு, கிண்ணியாவில் பாதையோடு நெருங்கிப் பழகிய ஒரு முதியவரிடம் அந்த அத்தியாயத்தை வாசித்துக் காட்டினேன். உரையாடலை வாய்விட்டு வாசித்து, அந்த ஊர்க்காரர் காதில் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். தலையாட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் நிலவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கரையைப் பற்றியே சொன்னார். மீன் பெட்டியில் ஐஸ் கரைய யார் யாரோடு சண்டை பிடிப்பார்கள், பிளேன்டீக் கடைக்காரர் யாருக்குக் கடன் கொடுப்பார், பாடசாலைக்குப் பிந்தும் வாத்திமார் எந்தப் பக்கமாக நழுவி முன்னால் வருவார்கள், எல்லாம் சொன்னார். பிறகு, "ஆஸ்பத்திரி வாகனம் வந்தா மத்தவனெல்லாம் விலகத்தான் வேணும் டீச்சர். ஆனா பாதை அக்கரையில நிண்டா, இவன் விலகி என்ன, விலகாம என்ன?" என்றார்.

அந்தப் பெண்ணின் கதை தண்ணீரில் நடக்கவில்லை, கரையில் நடந்திருக்கிறது. பாதை அக்கரையில் நிற்க, இக்கரையில் எல்லாரும் வழிவிட்டு நிற்க, அவள் வாகனத்துக்குள் கிடக்கிறாள். இனி நிலவு போகவேண்டும். நிலவோடு முடிந்தால் பரவாயில்லையே! அவள் கரையிலேயே தங்கிவிட்டால், இரண்டு அத்தியாயம் முன்னால் வந்த மருத்துவிச்சியை நான் ஊரைவிட்டு அனுப்பியது சரிவராது, அவள் திரும்பி வரவேண்டும். அக்கரையில் சீனக்குடாவில் வேலைக்கு நிற்கும் கணவனுக்குச் செய்தி பிந்திப் போகும். பிந்திப் போனால் கடைசி அத்தியாயத்தில் அவனும் மாமியாரும் போடும் சண்டைக்குக் காரணமே இல்லாமல் போகும், வேறு காரணம் பிறக்கவேண்டும். சண்டையின் காரணம் மாறினால் மாமியாரின் பேச்சு மாறும், அவள் முதல் அத்தியாயத்தில் பேசியதையும் போய்ப் பார்க்கவேண்டும்.

இதைத்தான் நான் திருத்தம் என்கிறேன். பாடசாலை விட்டு வந்து, கொப்பிகள் திருத்தி, வீட்டு வேலை ஓய்ந்த பிறகு உட்காருகிறவளுக்கு அது எத்தனை கிழமை வேலை என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். மூதூர் வ. அ. இராசரத்தினமும் ஆசிரியராக இருந்துகொண்டு எழுதியவர்தான். முழுநேர எழுத்தாளர் என்று சொல்லிக்கொண்டு இந்த ஊரில் அரிசி வாங்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

நிதியாண்டு டிசம்பர் 31உடன் முடிகிறது, எங்கள் கையில் என்ன இருக்கிறது என்பீர்கள். சரி. ஆனால் பாதி கட்டிய மதகு ஒன்று டிசம்பரில் நின்றுபோனால் அதை யாரும் இடித்துக் கொட்டுவதில்லை. தொடர்வேலை என்று எழுதி அடுத்த வருட ஒதுக்கீட்டில் சேர்க்கிறீர்கள். சீமெந்துக்குக் கிடைக்கும் அந்த ஒரு சொல் நாவலுக்கும் கிடைக்கக் கூடாதா? 2022இல் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். தள்ளிவைக்க முடியாதது என்று அரசாங்கத்தில் எதுவும் இல்லை, மனம் இருந்தால்.

அவசரத்தில் வெளிவந்த நூல்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாற்பதாம் பக்கத்தில் செத்த மாமா தொண்ணூறாம் பக்கத்தில் தேத்தண்ணி குடிப்பார். ஆனாலும் அந்த நூலுக்கும் விழா நடக்கும். மங்கல விளக்கு, ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயவுரை, ஏற்புரை, ஆளுக்கொரு பொன்னாடை. முதற்பிரதி வாங்கும் வர்த்தகப் பிரமுகர் என்வலப்பைக் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு போவார், நூலைக் கதிரையிலேயே விட்டுவிட்டு. பேச வருகிற ஒவ்வொருவரும் தி. த. சரவணமுத்துப்பிள்ளையில் இருந்துதான் தொடங்குவார்கள். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று போற்றப்படும் மோகனாங்கியை 1895இல் தந்தது எங்கள் மண் என்பார்கள், கைதட்டு விழும். நானும் தட்டுவேன். அதையும் நவம்பர் 30க்குள் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே தட்டுவேன்.

பிரதியைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தே தரவேண்டும் என்ற விதியைப் பற்றியும், நாவலாசிரியர் இந்தப் பிரிவில்தான் வசிக்கிறார் என்று கிராம சேவகர் உறுதிப்படுத்தும் கடிதத்தைப் பற்றியும், அந்தக் கடிதத்தை மூன்று பிரதி எடுப்பதைப் பற்றியும் தனியாக ஒரு மடல் எழுதலாம். எங்கள் கிராம சேவகர் நல்ல மனுஷன். "நீங்க கதை எழுதுறீங்க எண்டதுக்கு நான் என்ன சாட்சி டீச்சர்?" என்று சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

ஒரு வருடம் தாருங்கள் என்றுதான் கேட்கிறேன். தெரிவான கடிதத்தோடு, குழுவில் படித்தவர்கள் ஓரத்தில் குறித்த குறிப்புகளையும் அனுப்பினால் இன்னும் நல்லது. எட்டு மாதம் படித்தவர்களிடம் சொல்ல ஏதாவது இருக்கும்தானே. இந்த அத்தியாயம் இழுக்கிறது, இந்தப் பாத்திரம் நம்பும்படி இல்லை என்று பெயர் போடாமல் எழுதினாலும் போதும். எங்களுக்கு இங்கே பதிப்பாசிரியர் என்று ஒருவர் இல்லை. எழுதுவதும் நாங்கள், வெட்டுவதும் நாங்கள், அச்சகத்துக்கு முற்பணம் கட்டுவதும் நாங்கள், விற்காத பிரதிகளை உப்புக்காற்றுப் படாமல் அலுமாரிக்கு மேல் அடுக்குவதும் நாங்கள். ஒரு வெளிக்கண் கிடைக்கும் ஒரே இடம் உங்கள் குழு. அதுவும் தெரிவு, தெரிவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது.

என்னை மீண்டும் சேர்க்கச் சொல்லவில்லை. இந்த வருடக் காசு போனது போனதுதான், நாவல் முடிந்ததும் கடன்பட்டாவது அச்சிடுவேன். எனக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன். அவர்களில் ஒருத்தி என் பழைய மாணவி. கெடு வந்துவிட்டது என்று தன் கடைசி இரண்டு அத்தியாயத்தையும் ஒன்றாக்கிச் சுருக்கிக் கொடுத்திருக்கிறாள். சுருக்குமுன் அதைப் படித்தவள் நான்.

அடுத்த வருட விண்ணப்பப் படிவம் அச்சுக்குப் போகுமுன், "அதே ஆண்டு நவம்பர் 30" என்ற வரியை எடுத்துவிட்டு, "தெரிவான நாளில் இருந்து பன்னிரண்டு மாதம்" என்று மாற்றித் தாருங்கள் எனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றால் ஏன் முடியாது என்று கடிதமாக அறிவியுங்கள். தொலைபேசியில் சொல்ல வேண்டாம். ஒற்றை வரியிலும் வேண்டாம், தயவுசெய்து.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
பட்டியலில் இருந்து நீக்கப்பட்ட நாவலாசிரியை,
திருகோணமலை.