இறக்கைக்கு முன் அடிப்பாகத்தைக் கவனியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களின் பின்புறத்தில் காற்றின் வேகத்தால் வண்டியைக் கீழே அழுத்தும் ஓர் இறக்கையை வீட்டிலேயே பொருத்திவிட்டால் வண்டி சாலையை இறுகப் பற்றிக்கொள்ளும் என்று, சென்ற ஞாயிறன்று தங்கள் வாகனப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். டர்பனின் சாட்ஸ்வர்த்தில் 30 ஆண்டுகளுக்கு மேல், நசுங்கிய வண்டித் தகடுகளைச் சீராக்கும் பேனல் பீட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அக்கட்டுரை சொல்வதை அப்படியே என் சொந்த வண்டியில் செய்து கெட்டவனும்கூட. ஆகவே எழுதாமல் இருக்க முடியவில்லை.

என்னிடம் இருப்பது 1990களில் வந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5. கடையொன்றில் வாங்கிய உயரமான இறக்கையை அதன் பூட் (பின்புறச் சாமான் அறை) மூடியில் நான்கு போல்ட்டுகளால் பூட்டினேன். பந்தயத் தடத்தில் ஓட்டியபோது, மெதுவான வளைவுகளில் எந்த மாற்றமும் தெரியவில்லை. வேகமான வளைவிலோ ஸ்டியரிங்கைத் திருப்பியும் முன்பக்கம் திரும்ப மறுத்து வெளியே நழுவியது. காரணம் எளியது. இறக்கை நிற்பது பின்னச்சுக்கும் பின்னால். அங்கே காற்று அழுத்தினால் அந்த அச்சே தாங்குபுள்ளியாகி, சிறுவர்கள் ஆடும் சீசா பலகையின் மறுமுனை எழும்புவதுபோல் முன்சக்கரங்களின் மேலுள்ள பாரம் குறைகிறது. சில மாதங்களில் போல்ட் துளைகளைச் சுற்றி மயிரிழை போன்ற விரிசல்களும் ஓடின. மெல்லிய தகட்டுக்கு உட்புறம் தாங்குதகடு வைக்காதது என் சோம்பல். மற்றவர் வண்டியென்றால் வைத்திருப்பேன்.

காற்றின் பலம் எவ்வளவு என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. கடல் மட்டத்தில் மணிக்கு 100 கிலோமீட்டரில் எதிர்கொள்ளும் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 47 கிலோ எடைக்குச் சமம். 200-இல் அது நான்கு மடங்காகி 190 கிலோவை எட்டுகிறது. காற்றின் தடையும் அதே கணக்கில்தான் ஏறுகிறது. அதை வெல்ல எஞ்சின் தர வேண்டிய திறனோ வேகம் இருமடங்கானால் எட்டு மடங்காகிறது. நகருக்குள் 60-இல் போகும் வண்டிக்கு இறக்கை வெறும் அலங்காரம்தான். என்-3 நெடுஞ்சாலையின் 120 கிலோமீட்டர் வரம்புக்குள்ளும் பெரிதாக ஒன்றும் நடந்துவிடாது. பந்தயத் தடத்துக்குப் போகிறவர்களுக்காகவே மேற்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் கை வைக்க வேண்டியது வண்டியின் அடிப்பாகம். புகைக்குழாயும் குறுக்குச் சட்டங்களும் துருத்திக்கொண்டிருக்கும் அந்த மேடுபள்ளத்தில் காற்று சிக்கித் தடுமாறுகிறது. சமமான தகடு அடித்தால் தடை குறைவதோடு, வண்டியைத் தூக்கும் விசையும் பெரும்பாலும் குறையும். நம் ஊரில் இதற்கு மலிவான பொருள், விளக்குக் கம்பங்களில் தேர்தல் விளம்பரம் கட்டும் கோரெக்ஸ் பலகை. (எந்தக் கட்சித் தலைவரின் முகம் தார்ச்சாலையைப் பார்க்க வேண்டும் என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.) ஆனால் அது பிளாஸ்டிக், புகைக்குழாய்க்கு அருகில் உருகி ஒழுகும் என்பதால் அங்கே அலுமினியத் தகடுதான் வேண்டும். ஓடு வேய்வது போல முன்தகட்டின் பின்விளிம்பு அடுத்த தகட்டைக் கீழிருந்து மூடும்படி பொருத்தாவிட்டால், காற்று விளிம்பில் நுழைந்து முழுவதையும் பிய்த்தெறிந்துவிடும். எஞ்சின் சூடு வெளியேறவும் ஆயிலை வடிக்கவும் திறப்பு விட வேண்டும். டர்பனின் ஜனவரி வெக்கையில் இதை மறந்தவர்களின் ரேடியேட்டர் கொதித்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, செய்த மாற்றம் பலன் தருகிறதா என்று பார்ப்பது. என் மனைவியின் பின்னல் கூடையிலிருந்து சிவப்புக் கம்பளி நூலை எடுத்து, விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, கூரையிலும் பின்கண்ணாடியிலும் பூட் மூடியிலும் வரிசையாக டேப் போட்டு ஒட்டினேன். பக்கத்தில் இன்னொரு வண்டியில் வந்த என் தம்பி மகன் அதைப் படம் பிடித்தான். கூரையின் மேலிருந்த நூல்கள் வாரிவிட்ட தலைமுடிபோல் படிந்து கிடந்தன. பூட் மூடியில் இருந்தவையோ திசை தெரியாமல் சுழன்று, சில முன்னோக்கியே திரும்பி நின்றன. அந்தக் கலங்கிய காற்றுக்குள் தாழ்வாக ஓர் இறக்கையை வைத்தால் அது என்ன வேலை செய்யும்? உயரே நல்ல காற்றில் வைத்தாலும், மிகையாகச் சாய்த்தால் அதன் அடியில் காற்று ஒட்டாமல் பிரிந்து, அழுத்தம் குறைந்து தடையே கூடும்.

பின்புறத்தில் எதுவுமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1990களின் இறுதியில் வந்த ஆடி டிடி அதிவேகத்தில் நிலைகுலைந்து விபத்துகள் நேர்ந்தபின், அந்நிறுவனமே பூட் மூடியின் விளிம்பில் ஒரு சிறு தடுப்பைப் பொருத்திக் கொடுத்தது. ஆனால் அத்தோடு சஸ்பென்ஷனையும் திருத்தி, வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு நிலைப்படுத்தியையும் சேர்த்தது. மறுபுறம், 1969-இல் பார்சிலோனாவின் மொண்ட்ஜுயிக் தடத்தில், ஃபார்முலா ஒன் பந்தயத்தின்போது இரண்டு லோட்டஸ் கார்களின் உயரமான இறக்கைகள் முறிந்து பெரும் விபத்துகள் நேர்ந்தன. தேர்ந்த பொறியாளர்கள் கட்டியதற்கே அந்தக் கதியென்றால், நம் கராஜில் துளை போட்டுப் பூட்டியதை என்னவென்று சொல்வது?

வீட்டில் வேலை செய்வதையே நான் குறை கூறுவதாக எவரும் எண்ண வேண்டாம். இதே டர்பனில் 1946-இல் பிறந்த பந்தயக் கார் வடிவமைப்பாளர் கோர்டன் மர்ரி, தம் முதல் பந்தயக் காரைத் தாமே வடிவமைத்துக் கட்டி இங்கே தென்னாப்பிரிக்காவில் ஓட்டியவர்தான். பின்னர் 1978-இல் அவர் வடிவமைத்த பிரபம் ஃபார்முலா ஒன் கார், பின்னால் மின்விசிறி போன்ற பெரிய விசிறியை வைத்து அடியிலிருந்த காற்றை உறிஞ்சி, சுவீடன் கிராண்ட் பிரீயை வென்றது. பிடிப்பை அவர் தேடியதும் வண்டியின் அடியில்தான்.

ஜோகன்னஸ்பர்க் அருகே மேட்டுநிலத்தில் உள்ள கயலாமிப் பந்தயத் தடத்துக்குப் போகும் இளைஞர்களுக்கு இன்னொன்று: அவ்வளவு உயரத்தில் காற்றின் அடர்த்தி இங்கிருப்பதைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு, இங்கே சரிபார்த்த இறக்கைக் கோணத்தை அங்கே மீண்டும் சரிபார்க்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திடம் மாற்றங்களை எழுத்தில் தெரிவிப்பதும் நல்லது.

அடுத்த முறை தங்கள் வாகனப் பக்கத்தில் இறக்கையின் படத்தை வெளியிடும்போது, அதே வண்டியைத் தூக்கி நிறுத்தி அதன் அடிப்பாகத்தையும் படம் பிடித்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பேனல் பீட்டர் ஒருவர்,
சாட்ஸ்வர்த், டர்பன்.