கல்லூரி ஆய்வகத்தில் பால்வெளியின் ஹைட்ரஜன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்மீன்களுக்கு இடையே பரவியுள்ள ஹைட்ரஜன் வாயு வெளியிடும் 1420.4 மெகா ஹெர்ட்ஸ் வானொலி அலையைத் தம் வீட்டிலிருந்தே பதிவு செய்யும் ஆர்வலர்கள் இன்று பல நாடுகளில் உள்ளனர். இச்சோதனையை நம் கல்லூரிகளின் இளநிலை இயற்பியல் செய்முறைப் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

இப்படியோர் அலை வரக்கூடும் என்று நெதர்லாந்தின் வான் டி ஹுல்ஸ்ட் 1944-இல் கணித்தார். அதை 1951 மார்ச் 25 அன்று முதலில் கண்டறிந்தவர்கள், ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ஹெரால்டு யூவெனும் அவருடைய வழிகாட்டி எட்வர்டு பர்செல்லும். அவர்கள் பயன்படுத்தியது, ஒட்டுப்பலகையில் செய்து செப்புத் தகடு பதித்து ஆய்வக ஜன்னலுக்கு வெளியே பொருத்திய ஒரு கூம்பு ஆன்டெனாவைத்தான்.

கணினியில் தொலைக்காட்சி பார்ப்பதற்கென வந்த சிறு யு.எஸ்.பி. கருவியே இன்று இதற்கு வானொலியாகப் பயன்படுகிறது. அதனுடன் ஒரு வடிகட்டியும், இரைச்சல் குறைந்த பெருக்கியும், மாணவர்களே அலுமினியத் தகட்டில் செய்யக்கூடிய கூம்பும் போதும். கருவியின் சொந்த இரைச்சலில் சமிக்ஞை புதைந்திருப்பதால், சில நிமிடங்கள் பதிவு செய்து சராசரி கண்டு, ஹைட்ரஜன் குறைந்த வேறொரு திசையின் பதிவை அதிலிருந்து கழிக்க வேண்டும்.

பலன் அதன்பின் தெரியும். வாயு நம்மை நெருங்கினால் அதிர்வெண் கூடும், விலகினால் குறையும். நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்துக்கு இம்மாற்றம் சுமார் 4.7 கிலோ ஹெர்ட்ஸ். காசியோபியா விண்மீன் குழுவை ஒட்டிய பால்வெளிப் பட்டையை நோக்கி, பூமியின் இயக்கத்துக்கான திருத்தத்தையும் செய்தால், அதிர்வெண் வரைபடத்தில் இரண்டு முகடுகள் தெரியும்: ஒன்று அருகிலுள்ள வாயு, மற்றொன்று நொடிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நெருங்கும், பால்வெளியின் சுருள் கைகளுள் ஒன்றான பெர்சியஸ் சுருள்கரத்தின் வாயு. விடை முன்பே தெரிந்த சோடியம் விளக்கின் மஞ்சள் கோடுகளை ஆண்டுதோறும் அளந்து பதிவேட்டில் எழுதிவரும் நம் மாணவர்கள், பால்வெளி சுழல்வதைத் தாமே அளந்து அறிய முடியும் என்பது எவ்வளவு பெரிய வாய்ப்பு!

மேகமும் பகல் வெளிச்சமும் இந்த அலையை மறைப்பதில்லை என்பதால் வகுப்பு நேரத்திலேயே இதைச் செய்யலாம். 1400 முதல் 1427 மெகா ஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் ஒலிபரப்பு எதுவும் கூடாது என்று பன்னாட்டு விதி உள்ளது. ஆயினும் அருகிலுள்ள கைபேசிக் கோபுரங்களின் வலுவான அலைகள் கருவியைத் திணறடிக்கக்கூடும். ஆகவே நகரத்துக் கல்லூரிகளைவிடக் கிராமப்புறக் கல்லூரிகளுக்கே இது ஏற்றது என்பது என் கருத்து.

உதகை அருகே முத்தோரையில் 530 மீட்டர் நீள வானொலித் தொலைநோக்கி 1970 முதல் உள்ள மாநிலம் இது. பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்கள் அடுத்த திருத்தத்தின்போது இச்சோதனையைப் பரிசீலிக்க வேண்டும். அதற்கு முன்பாக ஆசிரியர்களுக்குக் கருவியைக் கட்டமைக்கும் பயிற்சியை அளிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்